முதல்ல நீ மோந்து பாரு

அத்தான்: அதுல ஊத்தாத மாப்ள. அது வேற பியருக்கு.

தம்பி: கிளாஸ்தானே அத்தான்.

அத்தான்: கிளாஸ்தானேவா? பியர் காய்ச்சிப் பொழைக்கிறவன் பேசுற பேச்சா இது? அந்த ட்யூலிப் கிளாஸக் கீழ வை. வாயோரத்தப் பிடிக்காத… தண்டப் பிடி. கோதுமை பியருக்கு அந்தத் தடிச்ச ஆறுபட்டை டம்ளர். மேல் தட்டுல இருக்கு பாரு.

தம்பி: ஒரு அலமாரிதானே இருந்துச்சு? ரெண்டாயிடுச்சே.

அத்தான்: உங்க அக்கா துணியெல்லாம் கட்டிலுக்கு அடியில போயிடுச்சு. அவ வந்ததும் அதப் பத்திக் கேட்டு வைக்காத. ஆறின புண்ணு.

தம்பி: இதென்ன, அடி உருண்டையா… கீழ வச்சா நிக்காது போல.

அத்தான்: அதுக்கு மரத்தாங்கி தனியா இருக்கு. பெல்ஜியத்துக்காரன் ஒவ்வொரு பியருக்கும் ஒரு கிளாஸ் பண்ணி வச்சிருக்கான் மாப்ள. நம்மாளு எல்லாத்தையும் ஒரே சொம்புல ஊத்திக் குடிச்சிட்டு, கசக்குதுன்னு சொல்லுவான்.

தம்பி: சரி சரி. ஊத்தட்டுமா?

அத்தான்: இரு. முதல்ல பச்சைத் தண்ணியில ஒரு அலசு. துடைக்காத. இப்ப சாய்ச்சுப் பிடி… மெதுவா… இப்ப நிமிர்த்து. ரெண்டு விரக்கடை நுரை. அவ்வளவுதான். ம்… பார்க்க லட்சணமா இருக்கு. லேபிளே இல்லையே, நீ காய்ச்சினதா?

தம்பி: ஆமா. தொட்டியிலேருந்து நேரா பிடிச்சுட்டு வந்தேன். நாளைக்குக் காலையில பீப்பாயில ஏத்தணும். சாயங்காலம் முதலாளி பெரிய கூட்டமாக் கூப்பிட்டிருக்காரு. அதுக்கு முன்னாடி நீங்க ஒரு வாய் பார்த்துச் சொன்னா…

அத்தான்: நானா?

தம்பி: பின்ன யாரு? போன வருஷம் ஒரு பாட்டிலோட மூடியத் திறந்ததுமே, இது வெயில்ல கிடந்த பாட்டில்னு சொன்னீங்களே. கடைக்காரனே வாயடைச்சுப் போனான்.

அத்தான்: அது… போன வருஷம்.

தம்பி: மூக்குக்கு வயசாகுமா என்ன? மோந்து பாருங்க.

அத்தான்: நீ காய்ச்சினது. முதல்ல நீ மோந்து பாரு.

தம்பி: நான் தினம் அதுலயே முங்கிக் கிடக்குறேன். எனக்கு ஒண்ணும் தனியாத் தெரியாது. நீங்க பாருங்க.

அத்தான்: வீட்டுக்கு வந்த விருந்தாளி நீதானே மாப்ள…

தம்பி: விருந்தாளியா? நேத்து வரைக்கும் என்னை ஓசிக் குடிகாரன்னீங்க.

அத்தான்: சரி குடு… ம்… ம்ம்…

தம்பி: என்ன தெரியுது?

அத்தான்: நல்லாருக்கு.

தம்பி: நல்லாருக்குன்னா? நீங்க ஒரு கிளாஸுக்கு ஒரு மணி நேரம் வர்ணிப்பீங்களே.

அத்தான்: அவசரப்படுத்தாத. வருது… கிராம்பு. நல்ல கிராம்பு.

தம்பி: கிராம்பா?

அத்தான்: ஏன்?

தம்பி: கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும்தான் போட்டேன்.

அத்தான்: ஆரஞ்சு… அதத்தான் சொல்ல வந்தேன். கிராம்பு முன்னாடி நிக்குது, ஆரஞ்சு அதுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கு.

தம்பி: கிராம்பு வந்திருந்தா ஈஸ்ட் ஏதோ சண்டித்தனம் பண்ணியிருக்கணும். நிசமாத்தான் கிராம்பா?

அத்தான்: கிராம்புன்னா… கிராம்பு மாதிரி. கிராம்புக்குச் சொந்தக்காரன் மாதிரி.

தம்பி: அப்படின்னா என்ன அத்தான்?

அத்தான்: நீ குடிச்சுப் பாரேன்.

தம்பி: குடிச்சுட்டுத்தான் வந்தேன். லேசாப் புளிப்பு, அடியில கொஞ்சம் கசப்பு. ஆனா நாக்குல ஏதோ வழவழன்னு ஓடுது. அதான் உறுத்துது. உங்களுக்கு அப்படி இருக்கா?

அத்தான்: வழவழ… இருக்கே. இருக்கு. அது கோதுமையோட குணமா இருக்கும்.

தம்பி: வாசனை? பழைய அட்டைப்பெட்டி மாதிரி, இல்ல கெட்ட முட்டை மாதிரி… அப்படி ஏதாவது?

அத்தான்: சேச்சே. ஏன்டா உன் பிள்ளைய நீயே இப்படித் திட்டுற?

தம்பி: எனக்கு ஒண்ணும் புரியல. சரி, அந்தப் பெல்ஜியத்து மடத்துச் சாமியாருங்க காய்ச்சுற கறுப்பு பியர் ஒண்ணு இருந்துச்சே, இருக்கா?

அத்தான்: இருக்கு. ஏன்?

தம்பி: எடுத்துட்டு வாங்க. அதையும் இதையும் பக்கத்துல வச்சுப் பார்த்தா உங்களுக்குத் தெளிவாகும்.

அத்தான்: அதுவும் சரிதான். இரு, பின் அறையில இருக்கு. அகல வாய்க் கிண்ணத்தையும் எடுத்துட்டு வரேன்… எதையும் தொடாத.

தம்பி: தொடல.

அத்தான்: இந்தா, எடுத்துட்டு வந்துட்டேன். என்னது, அந்த ட்யூலிப்பும் நிறைஞ்சிருக்கு?

தம்பி: இன்னொரு மாதிரிய அதுல ஊத்தியிருக்கேன். இதையும் மோந்து பார்த்து, ரெண்டுல எது தேவலைன்னு சொல்லுங்க.

அத்தான்: ரெண்டு தொட்டியா?

தம்பி: நீங்க மோந்து பாருங்களேன்.

அத்தான்: ம்… ஆ… இது வேற. இது சுத்தமா வேற. டம்ளர்ல இருக்குறது மசாலா. இது பழம். நல்லாப் பழுத்த பழம்.

தம்பி: என்ன பழம்?

அத்தான்: பழம்னா… பொதுவா.

தம்பி: அத்தான், ரெண்டும் ஒரே பாட்டில். ஒரே பாட்டில்லேருந்து ரெண்டு கிளாஸ்ல ஊத்தினேன்.

அத்தான்: அதானே சொல்றேன்.

தம்பி: என்ன சொல்றீங்க?

அத்தான்: கிளாஸ் மாறினா வாசனை மாறும். இது வாய் குவிஞ்சிருக்கு, அது விரிஞ்சிருக்கு. மாறலேன்னா நான் எதுக்கு ரெண்டு அலமாரி நிறைய வாங்கி வச்சுக்கிட்டு, உங்க அக்காகிட்ட வாங்கிக் கட்டிக்கிறேன்?

தம்பி: மாறும், ஆனா மசாலா பழமா மாறுமா?

அத்தான்: பெல்ஜியம் கிளாஸ்ல மாறும்.

தம்பி: நீங்க சொல்றது நிசமா, என்னைய ஓட்டுறீங்களான்னே தெரியல.

அத்தான்: ஓட்டுறது யாருன்னு எனக்குத்தான் தெரியல. வந்ததுலேருந்து பார்க்குறேன், நீ ஒரு தடவை கூடக் கிளாஸ மூக்குகிட்ட கொண்டு போகல. முன்னெல்லாம் என் கையிலேருந்து பிடுங்கி மூக்க உள்ள விடுவ.

தம்பி: சளி.

அத்தான்: குரல் கணீர்னு இருக்கு.

தம்பி: மூக்குல மட்டும்.

அத்தான்: அப்படியா? கண்ண மூடு.

தம்பி: எதுக்கு?

அத்தான்: மூடுன்னா மூடு. இந்தா, கறுப்பு பியரத் திறக்குறேன்… சத்தம் கேட்டுச்சா? கிண்ணத்துல ஊத்துறேன். கண்ணத் திறந்துடாத. இப்ப மூக்குகிட்ட வைக்கிறேன். இழு. என்ன தெரியுது?

தம்பி: ம்ம்… அத்திப்பழம்.

அத்தான்: அப்புறம்?

தம்பி: உலர்ந்த திராட்சை… கருகின வெல்லம். அருமையா இருக்கு அத்தான். சாமியாருங்க சாமியாருங்கதான்.

அத்தான்: கண்ணத் திற. இது கிளாஸ் அலசி வச்ச தண்ணி.

தம்பி: …அத்தான்.

அத்தான்: பியர் அதோ, அந்தக் கிண்ணத்துல இருக்கு. தண்ணியில உனக்கு அத்திப்பழம் எங்கேருந்துடா வந்துச்சு?

தம்பி: கதவைக் கொஞ்சம் சாத்துங்க. அக்கா வந்துடப் போறா.

அத்தான்: அவ வேலை பார்க்குற மருந்துக்கடையில அடுத்த ஆள் வந்து மாத்தி விட நேரமாகும். சொல்லு.

தம்பி: மூக்கு போச்சு.

அத்தான்: போச்சுன்னா?

தம்பி: ஒரு காய்ச்சல் வந்து படுத்தேன்ல? காய்ச்சல் போச்சு. போகும்போது இதையும் கூட்டிட்டுப் போயிடுச்சு. சோப்பு தெரியல, சாம்பிராணி தெரியல. பார்லி மால்ட் அவியுறப்ப தெருவே மணக்கும்… நான் அடுப்பு பக்கத்துலயே நிக்குறேன், ஒண்ணும் வரல. வெந்நீர் மாதிரி இருக்கு.

அத்தான்: டாக்டர்?

தம்பி: வரலாம்னாரு. வராமலும் போகலாம்னாரு.

அத்தான்: முதலாளிகிட்ட சொன்னியா?

தம்பி: எப்படிச் சொல்லுவேன்? போன தொட்டி புளிச்சுப் போனது எனக்குத் தெரியல அத்தான். முதல் வாடிக்கைக்காரன் கிளாஸ நகர்த்தி வச்சப்பதான் தெரிஞ்சுது. மொத்தத்தையும் சாக்கடையில விட்டாங்க. அவரு திட்டல. இன்னொரு தடவை இப்படின்னா வேற ஆளப் பார்க்கணும்னு மட்டும் சொன்னாரு. அது திட்டுறதவிட மோசமா இருந்துச்சு.

அத்தான்: கூட இருக்குற பசங்கள மோந்து பார்க்கச் சொல்றதுதானே?

தம்பி: தலைமைக் காய்ச்சுறவன் நான். நான் போய், டேய் இது எப்படி இருக்கு சொல்லுன்னா… மறுநாளே விஷயம் முதலாளி காதுக்குப் போயிடும். அதான் உங்ககிட்ட வந்தேன். நீங்க சொன்னா எனக்குப் போதும். நாளைக்கு ஏத்தலாமா, வேண்டாமா? ஒரு வார்த்தை சொல்லுங்க.

அத்தான்: மாப்ள…

தம்பி: நீங்க கிராம்புன்னாலும் சரி. கிராம்பாவே இருக்கட்டும். கெட்ட வாடை இல்லைல? அது மட்டும் உறுதியாச் சொல்லுங்க, போய் ஏத்திடுறேன்.

அத்தான்: ஏத்தாத.

தம்பி: ஏன்? கெட்டுப் போச்சா?

அத்தான்: தெரியாது.

தம்பி: தெரியாதுன்னா? இப்பதானே பழம், மசாலா, சொந்தக்காரன்னு…

அத்தான்: உக்காரு.

தம்பி: நான் நின்னுட்டே கேட்குறேன்.

அத்தான்: உக்காருடா. கழுத்து வலிக்குது… அலமாரி மேல ஒரு பெட்டி வைக்க முக்காலி போட்டு ஏறினேன். நாலு கிளாஸ், கால் நீண்டது, பழைய சரக்கு. பெட்டிய வச்சுட்டேன். இறங்கும்போது முக்காலி வழுக்கிடுச்சு. பின் மண்டை தரையில மோதுச்சு.

தம்பி: ஐயோ. எப்ப?

அத்தான்: கொஞ்ச நாளாச்சு. ரத்தமெல்லாம் இல்ல, வீக்கம்தான். உங்க அக்கா அந்த முக்காலியில ஏறாதீங்கன்னு ஆயிரம் தடவை சொல்லியிருக்கா. அதனால வாயத் திறக்கல. மறுநாள் சோப்பு போட்டுக் குளிச்சேன், வாசனை இல்ல. சோப்பு மட்டம்னு நெனச்சு வேற வாங்கினேன். அதுவும் அப்படித்தான். அப்புறம்தான்…

தம்பி: உங்களுக்குமா?

அத்தான்: எனக்கும்தான்.

தம்பி: ஊர்ல இருக்குற லிஃப்ட்டெல்லாம் ஏறி ரிப்பேர் பார்க்குறவரு, முக்காலியிலேருந்து விழுந்தீங்களா?

அத்தான்: சிரி. நல்லாச் சிரி. மோட்டார் கருகினா முதல்ல மூக்குதான் சொல்லும். இப்ப கையை வச்சு வச்சுப் பார்க்குறேன், சுடுதா சுடுதான்னு. அது எனக்கு எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாரு.

தம்பி: சிரிக்கல அத்தான். அழுகையும் வரல. எனக்கு என்ன வருதுன்னே தெரியல. அப்ப அந்தக் கிராம்பு?

அத்தான்: குத்துமதிப்பா. கோதுமை பியர்னா கிராம்பு இருக்கும்னு அடிச்சு விட்டேன்.

தம்பி: நான் உங்கள நம்பி ஏத்தியிருந்தா என் பொழைப்பு என்ன ஆயிருக்கும்?

அத்தான்: அதனாலதான் சொல்லிட்டேன்ல? நீ மட்டும் என்ன, பச்சைத் தண்ணியில சாமியாரப் பார்த்தவன்.

தம்பி: இப்ப நமக்கு ஒரு மூக்கு வேணும்.

அத்தான்: எதிர் வீட்டுக்காரனக் கூப்பிடலாமா?

தம்பி: அவன் மூக்குப்பொடி போடுறவன்.

அத்தான்: ஆமால்ல.

அக்கா: யாருக்கு மூக்குப்பொடி?

தம்பி: அக்கா… எப்ப வந்த?

அக்கா: இப்பதான். செருப்பக் கழட்டுறேன். ரெண்டு பேரும் ஏன் எழவு வீட்டுல உக்காந்திருக்குற மாதிரி இருக்கீங்க? கிளாஸ் ஏதாவது உடைஞ்சுடுச்சா?

அத்தான்: இல்ல, சும்மா பேசிட்டு இருக்கோம். நீ போய் முகம் கழுவு.

அக்கா: சும்மாப் பேசுறவங்களுக்கு எதுக்கு மூணு கிளாஸ், ஒரு சொட்டு குறையாம? இந்த வீட்டுல பியர் நுரை அடங்குற வரைக்கும் கிடந்து நான் பார்த்ததே இல்ல.

தம்பி: அக்கா, ஒரு உதவி. இத ஒரு தடவை மோந்து பார்க்குறியா?

அத்தான்: அவள ஏன்டா… அவளுக்குத்தான் பியர்னாலே ஆகாதே. ஒரு வாய் குடிச்சதில்ல.

தம்பி: குடிக்க வேணாம். மோந்து பார்த்து, நல்லாருக்கா நாறுதான்னு மட்டும் சொன்னா போதும்.

அக்கா: ஏன், உங்க அத்தான் இருக்காரே?

தம்பி: அவரு… அவருக்குச் சளி.

அக்கா: உனக்கு?

தம்பி: எனக்கும் சளி.

அக்கா: அப்படியா. ஒரே சளியா, தனித்தனிச் சளியா?

அத்தான்: நீ ஒண்ணும் மோந்து பார்க்க வேண்டாம். போ.

அக்கா: குடுடா அத. கொஞ்சம் சுழட்டிக்கிறேன்.

தம்பி: சுழட்டத் தெரியுமா உனக்கு?

அக்கா: பேசாம இரு… வெண்ணெய்.

தம்பி: என்ன?

அக்கா: உருக்கின வெண்ணெய். நல்லா முகத்துல அடிக்குது. அதுக்கு அடியில ஆரஞ்சுத் தோல் இருக்கு, கொத்தமல்லி கூட இருக்கு. ஆனா பாவம், தலை தூக்க முடியல. வெண்ணெய் அமுக்கி வச்சிருக்கு.

தம்பி: வெண்ணெய்… அதான் நாக்குல வழவழன்னு ஓடுச்சு.

அத்தான்: கெட்டுப் போச்சா மாப்ள?

தம்பி: இல்ல அத்தான். ஈஸ்ட் இன்னும் வேலைய முடிக்கல. நான் அவசரப்பட்டுக் குளிர வச்சுட்டேன். கொஞ்சம் சூடேத்தி இன்னும் சில நாள் விட்டா, அந்த வெண்ணெய அதுவே தின்னுடும். இத நாளைக்கு ஏத்தியிருந்தா எல்லாரும் ஒரு வாயோட வச்சுட்டுப் போயிருப்பாங்க. புளிப்பு வாடை ஏதாவது இருக்கா அக்கா? நல்லா யோசிச்சுச் சொல்லு.

அக்கா: இல்ல. சுத்தமா இருக்கு. வெண்ணெய் ஒண்ணுதான்.

தம்பி: போதும். நாளைக்கு முதலாளிகிட்ட தொட்டி இன்னும் தயாராகலன்னு சொல்லிடுறேன். மூக்கு விஷயத்தையும் சொல்லிடப் போறேன். இப்படி ஒளிச்சு ஒளிச்சு வேலை பார்க்க என்னால முடியாது.

அக்கா: உனக்கு மூக்கு போனது காய்ச்சலோடயா?

தம்பி: உனக்கு எப்படித் தெரியும்?

அக்கா: போன தடவை வந்தப்ப, அடுப்புல பால் தீய்ஞ்சு வீடெல்லாம் நாறுச்சு. நீ பக்கத்துல உக்காந்து போன் பார்த்துட்டு இருந்த. மருந்துக்கடையில தினம் இப்படி நாலு பேரு வராங்க. பயப்படாத, பாதிப் பேருக்குத் திரும்பி வருது.

அத்தான்: அது இருக்கட்டும். பியர்ல வெண்ணெய், கொத்தமல்லி, ஆரஞ்சுத் தோல்னு பிரிச்சுப் பிரிச்சுச் சொல்ல உனக்கு யாரு கத்துக் குடுத்தது? ஒரு சொட்டு நாக்குல வச்சதில்லையே நீ.

அக்கா: நீங்கதான்.

அத்தான்: நானா? எப்ப?

அக்கா: தினம் வேலை விட்டு வந்து, ஒண்ணத் திறந்து, எதிர்ல உக்கார வச்சுச் சொல்லுவீங்களே. இதுல வாழைப்பழம் இருக்கு, இதுல ஈர வைக்கோல் இருக்குன்னு. முதல்ல, மனுஷனுக்குப் பித்தம் தலைக்கேறிடுச்சுன்னு நெனச்சேன். ஒரு நாள் கிளாஸ் கழுவப் போறப்ப, அப்படி என்னதான் இருக்குன்னு மோந்து பார்த்தேன். வாழைப்பழம் இருந்துச்சு. அப்புறம் ஒவ்வொரு தடவையும் கழுவுறதுக்கு முன்னாடி மோந்து பார்ப்பேன். நீங்க சொன்னது ஒண்ணு கூடத் தப்பா இருக்காது.

அத்தான்: என்கிட்ட சொல்லவே இல்லையே.

அக்கா: சொன்னா இன்னொரு அலமாரி வாங்குவீங்க.

தம்பி: அக்கா… அத்தான் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தாரு.

அத்தான்: டேய்.

அக்கா: முக்காலியிலேருந்து விழுந்ததா? தலையில எண்ணெயத் தடவிட்டுத் தூங்கினீங்க, பின் மண்டை வீங்கியிருந்துச்சு. முக்காலி ஒரு கால் ஆடுது. இதுக்குத் துப்பறிய வேற ஆள் வேணுமா? ரெண்டு நாள் கழிச்சு அந்தக் கறுப்பு பியரத் திறந்து எலுமிச்சம்பழம்னீங்க. கழுவும்போது பார்த்தேன், எலுமிச்சையே இல்ல. சரி, மூக்கும் போச்சுன்னு தெரிஞ்சுடுச்சு.

அத்தான்: வேலையில எனக்கு ஏதாவது ஆகியிருந்தா?

அக்கா: உங்க கூட வேலை பார்க்குறவருக்கு அன்னைக்கே போன் பண்ணிட்டேன். மோட்டார் அறைக்கு இவரத் தனியா அனுப்பாதீங்கன்னு.

அத்தான்: அதான் அவன் வால் மாதிரி ஒட்டிக்கிட்டே திரியுறானா? நான் என் வேலைக்கு அடி போடுறான்னு நெனச்சு, அவன்கிட்ட பேசுறதையே விட்டுட்டேனே.

அக்கா: நாளைக்குப் பேசிடுங்க. திங்கக்கிழமை டாக்டர்கிட்டயும் போறோம், நேரம் வாங்கிட்டேன்.

அத்தான்: இரு, எனக்கு இன்னும் ஒண்ணு புரியல. நான் இல்லாத வாசனையெல்லாம் இருக்குன்னு சொல்றேன். உனக்குப் பொய்னு தெரியுது. தெரிஞ்சும் எதிர்ல உக்காந்து, ம்… அப்புறம்… அப்படியான்னு கேட்டுட்டு இருந்திருக்க. ஏன்? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?

அக்கா: கேட்டிருந்தா வெட்கப்பட்டு அந்தப் பேச்சையே விட்டிருப்பீங்க. வேலை, தூக்கம், மறுபடி வேலைன்னு இருக்குற மனுஷன் என் முகத்தப் பார்த்துப் பேசுறது அந்த ஒரு கிளாஸ் தீருற வரைக்கும்தான். வாசனை பொய்யா இருந்தா இருந்துட்டுப் போகுது, பேச்சு நின்னுடக் கூடாதுன்னு நானும் வாய மூடிக்கிட்டேன்.